எழுபது வளைவு, அறுபது முட்டை

கிளம்புவதற்கு முந்தின நாள், தாம்பரம்

நாளை விடியற்காலையில் கொல்லிமலைக்குக் கிளம்புகிறோம். நான், மனைவி, மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள், அப்புறம் 2013இல் வாங்கிய எங்கள் பெட்ரோல் கார். மீட்டர் 1,08,000 கி.மீ. தாண்டிவிட்டது. "இந்த வண்டியையா மலைக்கு எடுத்துட்டுப் போறீங்க?" என்று கீழ்வீட்டுக்காரர் கேட்டார். கேட்டது நல்லதாகப் போயிற்று. இல்லையென்றால் இன்று சாயங்காலம் பானெட்டைத் திறந்திருக்கவே மாட்டேன்.

நான் மெக்கானிக் இல்லை. பார்க்கத் தெரிந்தது நாலைந்து விஷயம்தான். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் அணைத்துப் பத்து நிமிஷம் கழித்து ஆயில் குச்சியை உருவினேன். துடைத்து மறுபடி விட்டு எடுத்தபோது ஆயில் இரண்டு குறிக்கும் நடுவில் நின்றது. கூலன்ட் டப்பாவில் கொஞ்சம் குறைந்திருந்ததால் அதே நிறக் கூலன்ட்டை ஊற்றினேன். இதெல்லாம் இன்ஜின் ஆறிய பிறகுதான். ரேடியேட்டருக்குள் இருப்பது குக்கருக்குள் இருப்பது போன்ற அழுத்தம். சூட்டோடு மூடியைத் திறந்தவர்கள் முகத்தில் வாங்கிக்கொள்வார்கள். பிரேக் ஆயில் கோட்டுக்குக் கோடு சரியாக இருந்தது. வாஷர் தண்ணீர் காலி, நிரப்பினேன்.

அடுத்தது டயர். எத்தனை காற்று என்று பங்க் பையனைக் கேட்டால் எல்லா வண்டிக்கும் ஒரே எண்ணைச் சொல்வான். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் கம்பெனிக்காரனே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறான். எங்கள் வண்டிக்கு 33. வீட்டிலிருந்து பங்க் அரை கிலோமீட்டர்தான், டயர் சூடேறாமலே போய்விடலாம். அளந்தபோது முன்னால் 29, 30. பின்னால் 27, 31. இரண்டு மாதமாக இப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். காற்று குறைந்த டயர் சப்பையாக உருளும், ஓரம் தேயும், பெட்ரோலையும் கூடக் குடிக்கும்.

ஸ்டெப்னியை எடுத்தபோதுதான் வெட்கமாகிவிட்டது. 14 பி.எஸ்.ஐ. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். என் ஓடும் டயர்களில் 3520 என்று இருந்தது, அதாவது 2020ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். ஸ்டெப்னியில் 1413. வண்டியோடு வந்தது, ஒரு நாளும் தரையைத் தொடாதது. தரையில் படும் பட்டன் புத்தம் புதுசாகத்தான் இருக்கிறது. ஆனால் ரப்பருக்கு என் மகளைவிட நாலு வயசு கூட, பக்கவாட்டில் மயிர்போல் வெடிப்பு. அவசரத்துக்கு மட்டும் என்று காற்று நிரப்பி வைத்தேன். வந்ததும் மாற்ற வேண்டும்.

டிக்கியில் நிரந்தரமாகக் குடியிருந்த பழைய பேப்பர் கட்டு, உடைந்த சைக்கிள், பத்து கிலோ கோலமாவு எல்லாம் இறங்கின. கோலமாவு எப்படி வந்தது என்று மனைவிக்கும் தெரியவில்லை.

கடைசியாக டேங்க் நிரப்பினேன், கன் தானாக முதல் தடவை நிற்கும் வரை மட்டும். மைலேஜ் கணக்குக்கு அதுதான் சுலபமான வழி. அடுத்த தடவை அதேபோல நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்ததோ, ஓடிய கிலோமீட்டரை அதனால் வகுத்தால் போதும். டேஷ்போர்டு காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை, அது கொஞ்சம் முகஸ்துதி செய்யும்.


முதல் நாள், நாமக்கல்

ஐந்து மணிக்குக் கிளம்பினோம். இன்று வேண்டுமென்றே ஒரு சோதனை செய்தேன். உளுந்தூர்ப்பேட்டை வரை எப்போதும்போல 95, 100இல் ஓட்டுவது, அங்கே டேங்க் நிரப்பிவிட்டு நாமக்கல் வரை 80ஐத் தாண்டாமல் ஓட்டுவது.

செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம் எல்லாம் இருட்டும் விடியலுமாகப் போய்விட்டன. விக்கிரவாண்டிக்கு அப்பால் டீ. பக்கத்துப் பங்கில் காற்று பார்த்த பையன், "அண்ணா, 37 இருக்கு, ஓவர், குறைச்சிடட்டுமா?" என்றான். வேண்டாம் என்றேன். ஓடிய டயர் சூடாகும், உள்ளே காற்று விரியும், எண் ஏறும். இப்போது 33க்கு இறக்கினால் நாளைக் காலை ஆறிய டயரில் 29தான் இருக்கும்.

உளுந்தூர்ப்பேட்டை வரை 172 கி.மீ. பிடித்தது 10.4 லிட்டர். அதாவது லிட்டருக்குப் பதினாறரை.

அங்கிருந்து சேலம் சாலை. 80இல் போவது முதல் அரை மணி நேரம் அவமானமாக இருந்தது. ஆட்டுக்குட்டி ஏற்றிய மினி வேன்கூட என்னைத் தாண்டிப் போயிற்று. மகள் பின்னாலிருந்து, "அப்பா, பெட்ரோல் தீர்ந்துபோச்சா?" என்றாள்.

ஆனால் இந்தச் சாலையில் மெதுவாகப் போக வேறொரு காரணமும் உண்டு. நான்கு வழியாக வந்துகொண்டிருக்கும் சாலை ஊர்களின் புறவழியில் இரண்டு வழியாகச் சுருங்கும். நடுவில் தடுப்பு இருக்காது. 100இல் வந்த கால் சட்டென்று இறங்காது. எதிரே ஒரு ஆம்னி பஸ் நம் பக்கத்துக்குள் வந்து இன்னொரு லாரியைத் தாண்டிக்கொண்டிருக்கும். இங்கே நடந்த விபத்துகளைப் பற்றிப் படிக்காத ஆண்டே இல்லை. அகலப்படுத்தும் வேலை நடக்கும் இடங்களில் மாற்றுப்பாதை வேறு. 100 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி 28 மீட்டர் போகிறது. கண் பார்த்து, கால் பிரேக்குக்கு மாறுவதற்குள் ஒரு பஸ்ஸின் நீளத்தைப்போல இரண்டு மடங்கு.

கள்ளக்குறிச்சி, ஆத்தூர், வாழப்பாடி, சேலம். மதியச் சாப்பாட்டுக்கு நாமக்கல். ஊருக்குள் நுழையும் முன் நிரப்பினேன். 188 கி.மீ.க்கு 9.4 லிட்டர். லிட்டருக்கு இருபது!

இத்தனைக்கும் கடற்கரைப் பக்கமிருந்து மேட்டுக்குத்தான் வந்திருக்கிறோம். காரணம் காற்று. வேகம் கூடக்கூட காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில், அதாவது வேகத்தை வேகத்தாலேயே பெருக்கிய கணக்கில் கூடும். 80க்குப் பதில் 100இல் போனால் காற்று ஒன்றரை மடங்குக்கு மேல் நம்மைத் தள்ளுகிறது. முதல் பாதியையும் 80இல் ஓட்டியிருந்தால் ஒன்றே முக்கால் லிட்டர் மிச்சம், நூற்று எழுபது, எண்பது ரூபாய். நேரம்? கணக்குப்படி 26 நிமிஷம் கூட ஆகியிருக்கும். டோல் வரிசையிலும் டீக்கடையிலும் நாங்கள் தொலைத்தது அதற்கு மேல்.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் சத்து மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் பழைய மைலேஜ் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வண்டியைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

தங்கியிருப்பது மனைவியின் சித்தப்பா வீட்டில். எனக்கு மாமா. முப்பத்தோரு வருஷம் லாரி ஓட்டியவர். அசாம் லைன், கல்கத்தா லைன், பம்பாய் லைன் எல்லாம் பார்த்தவர். இந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது லாரியோடு சம்பந்தப்பட்டிருப்பார்: டிரைவர், ஓனர், பாடி கட்டுகிறவர், டயர் ரீட்ரெடிங் செய்கிறவர். என் நோட்டை மூக்குக்கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார். "கணக்கெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது மாப்ளே. மலையில எப்படி எறங்கறீங்கன்னு பாக்கலாம்" என்றார். நாளை அவரும் வருகிறார்.


இரண்டாம் நாள், செம்மேடு, கொல்லிமலை

முன்சீட்டில் மாமா. பெல்ட் போட மறுத்துவிட்டார். "முப்பது வருஷமா போடாதவனுக்கு இப்ப என்னத்துக்குங்க" என்று சிரித்தார். பின்சீட்டில் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்த மகள், "தாத்தா போட்டாதான் வண்டி கிளம்பும், அப்பா அப்படித்தான் சொல்லுவாங்க" என்றாள். ஒரு நிமிஷம் வண்டி நின்றது. அப்புறம் கிளிக் என்ற சத்தம் கேட்டது. சொல்லத்தான் வேண்டும், பின்சீட்டுப் பெல்ட்டும் சட்டப்படி கட்டாயம்தான். அது உட்கார்ந்திருப்பவரை மட்டுமல்ல, மோதும்போது அவர் மேலே வந்து விழாமல் முன்சீட்டுக்காரரையும் காப்பாற்றுகிறது.

சேந்தமங்கலம் தாண்டி காரவள்ளி. வனத்துறைச் சோதனைச் சாவடி. அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கிறது. எண்ணிக்கொண்டே வருவது மகளின் வேலை.

முதல் ஐந்து வளைவுகளில் நான் செய்ததெல்லாம் தப்பு. மூன்றாவது கியரில் வேகமாக நெருங்கி, வளைவுக்கு நடுவில் இன்ஜின் முனகி, அவசரமாக இரண்டுக்கு மாற்றினேன். அந்த அரை நொடி வண்டிக்கு இழுவையே இல்லை. ஆறாவது வளைவுக்கு முன்னால் மாமா வாய் திறந்தார்.

"வளைவுக்குள்ள போயி கியரைத் தேடாதீங்க மாப்ளே. வாசல்லயே மாத்திட்டு உள்ள போகோணும். ஹாரன் அடிங்க. ரோட்டுல ஆளைப் பாக்காதீங்க, மேல ரோட்டைப் பாருங்க."

மேல் ரோட்டைப் பார்ப்பது என்பதுதான் இன்று நான் கற்றதில் பெரியது. கொண்டை ஊசி வளைவில், நாம் போகப்போகும் அடுத்த அடுக்கு தலைக்கு மேலே தெரியும். பஸ்ஸோ லாரியோ இறங்குவது வளைவுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். தெரிந்தால் கீழேயே ஓரம் கட்டி நின்றுகொள்ளலாம். பஸ் திரும்பும்போது முன்பக்கம் நம் பாதி ரோட்டையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ளும்.

மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. இது மரியாதை மட்டுமில்லை, 2017ஆம் ஆண்டின் ஓட்டுதல் விதிமுறைகளிலும் இருக்கிறது. ஏற்றத்தில் நின்றுபோன வண்டியை மறுபடி கிளப்புவது கஷ்டம் என்பதால் வந்த விதி. ஆனால் 23ஆவது வளைவில் இறங்கிய பஸ் ஏற்கெனவே பாதி திரும்பியிருந்தது. விதியைக் காட்டி அங்கே சண்டை போட முடியாது. நின்றேன்.

நின்ற இடம் சரியான ஏற்றம். நான் வழக்கம்போல பாதி கிளட்ச்சில், கொஞ்சம் ஆக்ஸிலேட்டரில் வண்டியைத் தொங்கவிட்டேன். சென்னையில் மேம்பாலத்தின் மேல் டிராஃபிக்கில் நாமெல்லாம் செய்வதுதான்.

"கை பிரேக்கு எதுக்குங்க வெச்சிருக்கறான்?"

கை பிரேக்கை இழுத்தேன். காலை எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன். பஸ் போனதும் முதல் கியர், கிளட்ச்சை மெல்ல விட, வண்டியின் மூக்கு லேசாகத் தூக்குவது தெரியும். அப்போது கை பிரேக்கை இறக்கினால் ஒரு அங்குலம்கூடப் பின்னால் போவதில்லை. பாதி கிளட்ச்சில் நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் கிளட்ச் பிளேட் உரசித் தேய்கிறது. அதை மாற்றும் செலவு ஆயிரங்களில்.

நாற்பதாவது வளைவுக்கு மேல் ஏ.சி.யை அணைத்துவிட்டோம். சின்ன இன்ஜின், ஐந்து சீட்டில் நாலு பேர். கம்ப்ரஸருக்குப் போகும் தெம்பு ஏற்றத்துக்குப் போகட்டும். தவிர, ஜன்னலில் வந்த காற்றே குளிர ஆரம்பித்துவிட்டது. நெடுஞ்சாலையில் 80, 90இல் ஜன்னலைத் திறந்துவைத்து ஏ.சி.யை மிச்சப்படுத்துவது அவ்வளவு லாபமில்லை, காற்று உள்ளே புகுந்து வண்டியை இழுக்கும். மலையில் 20 கி.மீ. வேகத்தில் அந்தக் கவலை கிடையாது.

சோளக்காட்டில் மிளகும் மலை வாழைப்பழமும். செம்மேட்டில் வல்வில் ஓரி குதிரைமேல் வில்லோடு நிற்கிறார். அறப்பளீஸ்வரர் கோயில், அப்புறம் ஆகாயகங்கை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, அதே படிகளை ஏறியதில் என் முழங்காலுக்குத்தான் சர்வீஸ் தேவைப்படுகிறது.

சாயங்காலம் திரும்பும்போது மூடுபனி. நான் கை பழக்கத்தில் ஹை பீம் போட்டேன். முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழுந்தது. பனித்துளியில் பட்ட வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. லோ பீம்தான் சரி. நாலு இண்டிகேட்டரையும் எரியவிட்டுக்கொண்டு ஓட்டுவதும் கூடாது, நாம் நிற்கிறோமா திரும்புகிறோமா என்று பின்னால் வருகிறவனுக்குப் புரியாது.


மூன்றாம் நாள், மறுபடி நாமக்கல்

இன்று நடந்ததை எழுதத் தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

இறக்கம். மகளின் எண்ணிக்கை எழுபதிலிருந்து பின்னோக்கி. கிளம்பும் முன் மாமா சொன்னது ஒன்றுதான்: "எந்தக் கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல எறங்கோணும்." சரி என்றேன். பத்து வளைவு அப்படியே இறங்கினேன். இரண்டாவது கியரில் இன்ஜின் ஊளையிட்டது. அந்தச் சத்தம் பெட்ரோல் செலவாகும் சத்தம் என்று என் மனசு நம்பியது. ரோடு நன்றாக இருந்தது, பின்னால் ஒரு ஜீப்காரன் ஹாரன் அடித்தான். மூன்றாவதில் போட்டேன். மாமா கண்ணை மூடியிருந்தார்.

மூன்றாவதில் வண்டி தானாக ஓடியது. ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி. முப்பத்திரண்டு, முப்பத்தொன்று. இருபத்தொன்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் ஒரு வாடை. கருகிய ரப்பரும் காய்ச்சிய இரும்பும் கலந்த மாதிரி. முன்னால் போன லாரியினுடையது என்று நினைத்தேன். முன்னால் லாரியே இல்லை.

"நிறுத்துங்க மாப்ளே." மாமாவின் கண் இன்னும் மூடித்தான் இருந்தது. தூங்கவே இல்லை போல.

பிரேக்கை அழுத்தினேன். பெடல் வழக்கத்தைவிட ஒரு விரற்கடை கீழே போயிற்று, பஞ்சு மாதிரி. வண்டி நின்றது. ஆனால் அந்த ஒரு விரற்கடையில் என் வயிறு காலியானது.

அகலமான ஓரமாகப் பார்த்து, முதல் கியரில் போட்டு இன்ஜினை அணைத்தேன். மாமா இறங்கி, பாறைத்துண்டு ஒன்றைத் தேடி முன்சக்கரத்துக்கு முன்னால் அண்டை கொடுத்தார். சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டினால் அடுப்பில் காய்வது போல இருந்தது. நான் தண்ணீர் பாட்டிலோடு வந்தேன். கையைப் பிடித்துக்கொண்டார். "ஊத்துனா டிஸ்க்கு கோணிக்கும். அதும்பாட்டுக்கு ஆறட்டும்."

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அப்போது சொன்னார், அவர் காலத்தில் ஓனர் கொடுக்கும் டீசலில் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு, சிலர் இன்ஜினையே அணைத்து இறங்குவார்களாம். "அப்படிப் போன ரெண்டு பேரு வீட்டுக்குச் சேதி சொல்ல நாந்தானுங்க போனேன்." அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

என் தப்பு எங்கே என்றால், இன்றைய பெட்ரோல் இன்ஜினில் அந்த மிச்சமே கிடையாது. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். ஊளைச் சத்தம் பெட்ரோல் இல்லாமல் வரும் சத்தம். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமலிருக்கப் பெட்ரோல் குடிக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டாலோ, இரண்டு மூன்று அழுத்தலுக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் இருக்காது. சிக்கனம் என்று நான் செய்த காரியத்தில் பிரேக்கைத்தான் செலவு செய்திருக்கிறேன்.

கிளம்பும்போது நான் வண்டியில் ஏறிவிட்டேன். மாமா ஏறவில்லை. குனிந்து அந்தப் பாறைத்துண்டை எடுத்து ரோட்டுக்கு வெளியே போட்டுவிட்டு வந்தார். "ராத்திரி பைக்குல வர்றவன் பாக்க மாட்டான்."

மீதி வளைவுகள் முழுக்க இரண்டாவது, சில இடத்தில் முதல் கியர். பிரேக்கைத் தொட்ட இடங்கள் சில. ஜீப்காரர்கள் எல்லோரும் முன்னால் போனார்கள்.

ஊர் சுற்றியதும் சேர்த்து மலைக்கணக்கு: 130 கி.மீ., 9.1 லிட்டர். லிட்டருக்கு பதினாலே கால். மலை தன் பங்கை எடுத்துக்கொள்ளத்தான் செய்யும்.


நான்காம் நாள், நாமக்கல்

காலையில் மாமாவுக்குத் தெரிந்த பட்டறை. மெக்கானிக் பையனுக்கு இருபத்தைந்து வயசிருக்கும். சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தான். பேட் இன்னும் இருக்கிறது, டிஸ்க்கும் கோணவில்லை. அப்புறம் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி, வெளிச்சத்தில் காட்டினான். கடுங்காபி நிறம். பக்கத்தில் புது டின்னிலிருந்து ஒரு துளி, நல்லெண்ணெயைவிட வெளிறியது. "இது எப்பண்ணா மாத்துனீங்க?"

எனக்குத் தெரியவில்லை. நான் வழக்கமாக விடும் சர்வீஸ் சென்டரின் பில்களைக் கைப்பேசியில் தேடினேன். ஒவ்வொன்றிலும் பிரேக் ஆயில் 'சரிபார்க்கப்பட்டது'. மாற்றியதாக ஐந்து வருஷத்தில் ஒரு பில்லும் இல்லை. நானும் கேட்டதில்லை. கிளம்பும் முன் நான் எழுதியதையே திரும்பப் படித்துப் பார்த்தேன்: "பிரேக் ஆயில் கோட்டுக்குக் கோடு சரியாக இருந்தது." அளவைப் பார்த்தேனே தவிர நிறத்தைப் பார்க்கவில்லை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 3 என்ற வகைக்கு, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அதே எண் 140க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4க்கு 230, ஈரமானால் 155. இறக்கத்தில் தொடர்ந்து அழுத்தும்போது சூடு ஆயிலுக்கு ஏறி, கொதித்து, குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகிறது. எண்ணெயை அழுத்தினால் சுருங்காது, ஆவியை அழுத்தினால் சுருங்கும். நேற்று பெடல் பஞ்சாகப் போனது அதனால்தான். பெரும்பாலான கார்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். ஆயில், நாலு சக்கரத்துப் பிரேக் குழாயிலும் காற்று எடுத்தது, கூலி எல்லாம் சேர்த்து எழுநூறு ரூபாய்.

பட்டறையில் மாமா ஸ்டெப்னியையும் பார்த்துவிட்டார். 1413ஐக் கட்டைவிரலால் தடவினார். ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மதியத்துக்கு மேல் தூக்கம். நாளை ராத்திரி மூன்று மணிக்கே கிளம்பி வெயிலுக்கு முன் போய்விடலாம் என்றேன். மாமா ஒப்புக்கொள்ளவே இல்லை. மூன்றிலிருந்து ஐந்து வரை யாருடைய கண்ணையும் நம்ப முடியாதாம். கண் திறந்தே இருக்கும், மூளை தூங்கிவிடும். அந்த நேரத்தில்தான் ரோட்டோரம் விளக்கில்லாமல் நிற்கும் லாரிக்குப் பின்னால் கார்கள் போய்ச் செருகும். "எங்க ஆளுக மேலயும் தப்பு இருக்குதுங்க. நிறுத்துனா முக்கோணத்தை எடுத்து நல்லாத் தள்ளி வெக்கோணும். எவன் வெக்கறான்?" என் டிக்கியில் முக்கோணம் இருந்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.


ஐந்தாம் நாள், தாம்பரம்

ஆறு மணிக்குக் கிளம்பும்போது அத்தை இரண்டு அட்டை முட்டை கொண்டுவந்தார். அட்டைக்கு முப்பது, அறுபது முட்டை. முட்டைக்கு விலை வைக்கும் ஊருக்கு வந்துவிட்டு வெறுங்கையோடு போவதா என்பது அவர் வாதம். சென்னை வரை உடையாதா என்றேன். மாமா நூல் கட்டி, பின்சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் வைத்தார். "உடையாம கொண்டு போயிட்டீங்கன்னா பிரேக்கும் தேயாது, டயரும் தேயாது, பெட்ரோலும் மிச்சம். உங்க நோட்டெல்லாம் வேண்டாமுங்க."

மகள் முட்டை அட்டைக்கு நடு சீட்டு பெல்ட்டைப் போட்டுவிட்டாள்.

முட்டை பின்னால் இருக்கும்போது கால் தானாக மாறுகிறது. டோல் கேட்டை அரை கிலோமீட்டருக்கு முன்னாலேயே பார்த்து ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுகிறேன். வண்டி தானாக மெதுவாகி, கியரிலேயே உருண்டு, கடைசி இருபது மீட்டருக்குத்தான் பிரேக். கிளம்பும்போதும் சீறவில்லை. முன்வண்டிக்குப் பின்னால் இடைவெளி விட்டேன். அதைக் கணக்குப் பார்க்கும் வேலை மகளுக்கு: முன்னால் போகும் வண்டி ஒரு மைல்கல்லைத் தாண்டியதும் எண்ண ஆரம்பித்து, நாம் அதே கல்லைத் தாண்டும்போது 'மூணு' சொல்லி முடித்திருக்க வேண்டும். அவள் வேகமாக எண்ணி ஏமாற்றுவதும் உண்டு.

சின்னசேலம் புறவழியில் ஒரு டேங்கர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். இரண்டு வழி. 45இல் ஊர்ந்தது. எதிரே காலியாகத் தெரிந்த ஒரு கணத்தில் கை இண்டிகேட்டருக்குப் போயிற்று. வளைவுக்கு அப்பால் என்ன என்று தெரியவில்லை. பின்னால் அறுபது முட்டை. கையை எடுத்துக்கொண்டேன். நாலு நிமிஷத்தில் நான்கு வழி வந்தது, டேங்கர்காரர் கையை வெளியே நீட்டிப் போகச் சொன்னார். தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். பதிவு எண் நாமக்கல்.

விக்கிரவாண்டியில் டீ, அச்சிறுப்பாக்கம் பக்கம் லேசான தூறல், வண்டலூரிலிருந்து வழக்கமான நெரிசல். தாம்பரத்தில் டேங்க் நிரப்பினேன். 362 கி.மீ., 17.2 லிட்டர். லிட்டருக்கு இருபத்தொன்று. மேட்டிலிருந்து கடலோரத்துக்கு இறங்கி வந்ததில் கொஞ்சம் இனாம் இருக்கலாம். இருந்தாலும் பன்னிரண்டு வருஷத்தில் இந்த வண்டி எனக்கு இருபத்தொன்று கொடுத்ததில்லை.

வீட்டுக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது, எங்கள் தெருமுனையில், போன வாரம் இல்லாத ஒரு வேகத்தடை. வெள்ளைக் கோடு கிடையாது, பலகை கிடையாது. முன்சக்கரம் ஏறி இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

மாமாவுக்குப் போன் போட்டேன். எடுத்தவுடன், "எத்தனைங்க?" என்றார்.

"ஒண்ணு மாமா. அதுவும் எங்க தெருவுல."

"ஒண்ணுதானுங்களா? பரவால்ல," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அந்த ஸ்டெப்னி மாப்ளே..."

நாளைக்கு டயர் கடை.